அறங்காவலராகப் போகும் மகளுக்கு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டு வந்த ஸ்வீட்டில் ஒரு துண்டுகூட நான் வாயில் வைக்கவில்லை. உன் அப்பா பாதியைத் தின்றுவிட்டு மீதியை பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போய் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தார். "எம் பொண்ணு டிரஸ்டி ஆவுதுப்பா" என்று ஆலங்காயம் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையில் உன்னையும் ஓர் அறங்காவலராகச் சேர்க்கிறார்கள், வரும் வெள்ளிக்கிழமை வேலூரில் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று நீ சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்தாயா? கல்யாண வீட்டில் மாலை போட்டது மாதிரி நின்றார். நான்தான் கேட்டேன், களப்பணியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய நாற்காலி என்று. அது உனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "உனக்கு யாரையுமே நம்பத் தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். போனில் பேசலாம் என்றால் பாதியில் சிக்னல் இல்லை என்பாய். ஜவ்வாது மலைமேல் இருந்து நீ பேசினால் கணீரென்று கேட்கிறது, வேலூருக்குப் போனதும் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

என் சந்தேக புத்தி உனக்குப் புதிதில்லை. மலையிலிருந்து வரும் புளியையும் சாமையையும் வாங்கி விற்கிற கடையில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. மூட்டையின் மேலே இருப்பதைப் பார்த்து நான் ஒருநாளும் விலை பேசியதில்லை. கையை அடிவரை விட்டுத் துழாவிய பிறகுதான் வாய் திறப்பேன். மலைக்காரர்களைக்கூட விட்டுவிடுவேன், நடுவில் வாங்கிக் கைமாற்றுகிற கீழ்நாட்டு வியாபாரி வந்தால் இரண்டு தடவை துழாவுவேன். உன் பள்ளிக்கூட வேன் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்தவள் நான். உன்னைக் கல்லூரி ஹாஸ்டலில் விட வந்த அன்று சமையல்கட்டுக்குள் போய் சாம்பாரை ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நீ மானம் போகிறது என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். ஆனால் அந்த ஹாஸ்டலில் நீ ஒருநாளும் வயிற்றுவலி என்று படுக்கவில்லை, அதையும் நினைத்துப் பார்.

உன் அப்பாவையே நான் விசாரித்துத்தான் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்க வந்தபோது சொந்தமாக டெம்போ இருக்கிறது என்று தரகர் சொன்னார். நான் என் மாமாவை வாணியம்பாடிக்கு அனுப்பி அந்த டெம்போ யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னேன். அது உன் பெரியப்பா பெயரில் இருந்தது. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான் அவரிடமே கேட்கிறேன் என்று சொல்லி, கோயிலில் வைத்து நேருக்கு நேராகக் கேட்டேன். மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார். "எங்க அண்ணன் வண்டிங்க. நான் ஓட்டுறேன், அவ்ளோதான். தரகர் சொன்னப்ப நான் மறுக்காம வுட்டுட்டேன், அது எந் தப்புதான்" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் கழுத்தை நீட்டினேன். கேள்வி கேட்டால் ஒருவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, அந்தக் கேள்வியை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று நான் பார்ப்பேன்.

இப்போது உன் நிறுவனருக்கு வருவோம். நீங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்கிறீர்கள். உனக்கு நான் ஓர் அண்ணனைப் பெற்றுத் தராத குறையை அவர் தீர்த்துவைத்தாரோ என்னவோ. சம்பளம் கொடுப்பவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால் நாளைக்கு ஒரு கேள்வி கேட்க நாக்கு எழாது. ஏன் என்னைச் சேர்க்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டாயா என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "கேட்டேம்மா. எம்மேல நம்பிக்கை இல்லையாம்மான்னு கேட்டாரு. எனக்கே கஷ்டமாப் போச்சு." கேட்டது நீ. பதில் வராமலே கஷ்டப்பட்டதும் நீ. அந்த இடத்தில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு நம் ஊர் நூலகத்துக்குப் போனேன். நீ பத்தாவது படிக்கும்போது உன்னைத் தேடிக்கொண்டு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் படி ஏறியதில்லை. நூலகம் பார்த்துக்கொள்ளும் மேடம் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஓர் அறக்கட்டளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். நன்கொடை கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். "ஆமாங்க, பொண்ணக் குடுக்கப் போறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் போட்டு எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

முதலில் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் அரசு இணையதளத்தைப் பார்த்தோம். உங்கள் அறக்கட்டளை அதில் இருக்கிறது, பதிவு எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். பொறுப்பாளர்கள் என்று போட்டிருந்த இடத்தில் நிறுவனர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. ஒரு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. பிறகு மேடம் இன்னொரு தளத்தைக் காட்டினார். ஒரு நிறுவனம் தன் வலைப்பக்கத்தை மாற்றினாலும் பழைய பக்கம் எப்படி இருந்தது என்று எடுத்துவைத்திருக்கும் தளமாம் அது. அதில் உங்கள் அறக்கட்டளையின் பழைய பக்கத்தைத் திறந்தால், அறங்காவலர்கள் வரிசையில் வேறு இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டு பேருமே நம் பக்கத்து ஆட்கள், ஒருவர் ஜமுனாமரத்தூர், இன்னொருவர் ஒடுகத்தூர். இப்போதைய பக்கத்தில் அவர்கள் இருந்த சுவடே இல்லை. ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று எங்கும் எழுதவில்லை. உனக்கு இவர்களைத் தெரியுமா? அண்ணா ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா?

அடுத்து பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்தோம். மலைவாழ் விவசாயிகளுக்குச் சாமை விதை வழங்கிய விழா என்று அங்கங்கே செய்தி வந்திருக்கிறது. வேறு வேறு பேப்பர், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியங்கள். "இது அவங்களே எழுதிக் குடுக்கறதும்மா, நிருபர் யாரும் போய்ப் பாத்திருக்க மாட்டாங்க" என்றார் மேடம். அதனால் செய்தி பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அதை ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஆள் சொன்னதை நாலு பேர் சொன்னதாக எண்ணிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. தணிக்கை அறிக்கையையும் திறந்தோம். அதில் எனக்குப் புரிந்ததைவிடப் புரியாததே அதிகம், அதனால் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கடைசியாக உங்கள் ஆண்டறிக்கையை என் போனில் இறக்கிக் கொடுத்தார். மலையில் இரண்டு ஊர்களில் சாமை விதை கொடுத்ததாக அதில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டால் போகிறது என்று மறுநாள் காலையில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் அப்பாவிடம் புளிக்கு முன்பணம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

முதல் ஊரில் குழாயடியில் நின்ற பெண்களிடம், இங்கே விதை கொடுத்தார்களாமே, வாங்கினீர்களா என்று கேட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் வரலம்மா" என்றாள் ஒருத்தி. சாமை விதை என்று எடுத்துச் சொன்னேன். "யாரும் ஒண்ணும் குடுக்கலம்மா" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். பாப்பா, எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன், நல்லவேளை நீ எடுக்கவில்லை.

அப்போதுதான் காளியம்மாக்கா வந்தாள். வருஷா வருஷம் நம் கடைக்குப் புளி போடுகிறவள், உனக்கு நினைவிருக்கும், வந்தால் ஒரு சொம்பு மோர் குடிக்காமல் போகமாட்டாள். "இன்னா யம்மா, கடைய வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல பொடவ கட்டிக்கினு, போன கைல புடிச்சிக்கினு ஆபீசர் மாரி நின்னு கேட்டா இன்னா சொல்லுவாங்கோ? வந்துச்சுன்னு சொன்னா அடுத்தது வராம நின்னுடும்னு பயம். யாரு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்றது. கரண்டு வந்தப்பகூட லைட்ட நிறுத்திட்டு வரலன்னுதான் சொன்னோம்." குழாயடிப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். நான்தான் அசடு வழிய நின்றேன். மலைக்காரர்களோடு இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும், அவர்கள் சொல்லும் 'இல்லை' எனக்குப் பிடிபடவில்லை.

"வெத வந்துச்சு. நல்ல வெத, பூச்சியில்ல" என்றாள் காளியம்மாக்கா. "ஒம் பொண்ணுதானே வூடு வூடா வந்து குடுத்துச்சு. எங்க வூட்ல களி துன்னுட்டுத்தான் போவும். அது நல்ல பொண்ணு." நம் வீட்டில் களி கிண்டினால் மூக்கைச் சுளிக்கிற பெண் நீ. அந்தக் குழாயடியில் உன் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உன்னைப் பெற்றவள் என்று எனக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கிடைத்தது. நான் தோற்றுவிட்டேன், இவள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித் தோற்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த நிமிஷத்தோடு பஸ் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு வாழ்த்துக் கடிதமாக இருந்திருக்கும்.

ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. அறிக்கையில் இருந்த இரண்டாவது ஊரையும் கேட்டுவைத்தேன். "அங்கயா? எம் பொண்ண அங்கதான் குடுத்திருக்கேன். போன வாரம்கூடப் போய்ட்டு வந்தேன். அங்க இவங்க யாரும் வர்லியே" என்றாள் காளியம்மாக்கா. இதுவும் மலையின் வழக்கமான 'இல்லை'தானா என்று உற்றுப் பார்த்தேன். என்னிடம் மறைக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. "ஒருவேளை வந்துட்டுப் போயிருப்பாங்களோ, உனக்குத் தெரியாம?" என்றேன். "வெத வந்தா எம் பொண்ணு முந்தானைல ஒரு பிடி எனக்கு முடிஞ்சிக்கினு வராதா?" என்றாள்.

கீழே இறங்கியதும் நேராக நூலகத்துக்குத்தான் போனேன். ஆண்டறிக்கையில் அந்த இரண்டாவது ஊருக்கான பக்கத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் அறுவடையுடன் என்று கீழே எழுதி ஒரு புகைப்படம். களத்தின் நடுவில் சாமைக் குவியல், சுற்றி நின்று சிரிக்கும் பெண்கள், தலையில் துண்டு, செருகிய புடவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர்களுடைய கால்களைப் பார்த்தேன். எல்லோர் காலிலும் செருப்பு. தானியம் கிடக்கிற களத்தில் செருப்போடு எந்த விவசாய வீட்டுப் பெண் ஏறுவாள், பாப்பா? மலையிலும் ஏறமாட்டார்கள், கீழேயும் ஏறமாட்டார்கள். நீ சின்னப் பிள்ளையில் ஷூவோடு களத்தில் ஓடியதற்கு உன் பெரியப்பா திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. இவர்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்களுக்குத் துண்டு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஓரத்தில் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறாள், முறத்தைத் தூக்கிப் புடைப்பது மாதிரி. வலது கை நீண்டிருக்கிறது, இடது முழங்கை மடங்கியபடியே இருக்கிறது. முறம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஆறாவது படிக்கும்போது நீ சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை அது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு நான் எண்ணெய் போட்டு நீவி நீவிப் பார்த்தும் கடைசிவரை முழுசாக நீளவே இல்லை. மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வேலை உண்மையாகத்தானே நடக்கிறது, ஓர் ஊருக்கு உண்மையாகக் கொடுத்தோமே, நன்கொடை கொடுப்பவர்களுக்குக் காட்ட ஒரு போட்டோ வேண்டியிருந்தது, அடுத்த வருஷம் அந்த ஊருக்கும் போய்விடுவோம் என்று அண்ணா சொன்னார் என்பாய். இருக்கலாம். நீ வீடு வீடாகப் போய்க் கொடுத்த விதையை யாரும் பொய் என்று சொல்லமுடியாது, நான் சொல்லவும் விடமாட்டேன். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாகிறது. அடிமுதல் நுனிவரை பொய்யாக இருந்தால் நீயே ஓடி வந்திருப்பாய். உன் நல்ல வேலையை மேலே பரப்பி வைத்து, அதற்கு அடியில் இதைத் தள்ளியிருக்கிறார்கள். இன்றைக்கு நீ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள், சொன்னார்கள் நின்றேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த அறிக்கை உன்னுடையது. நாளைக்கு ஒருவர் அந்த ஊருக்குப் போய் விசாரித்தால் பதில் சொல்லவேண்டியவள் நீ. நிறுவனரும் அவர் மனைவியும் மச்சானும் வேலூரில் இருப்பார்கள். மலைக்காரர்கள் முகம் பார்த்துத் தெரிந்துவைத்திருப்பது உன்னை மட்டும்தான். முன்னால் அறங்காவலர்களாக இருந்த அந்த இருவரும் நம் பக்கத்து ஆட்களாக இருந்தது சும்மா இல்லை என்று என் மனதுக்குப் படுகிறது. என் மனது தப்பாகவும் இருக்கலாம், குழாயடியில் ஒருமுறை தப்பாகித்தான் போனது. அதனால் நான் சொல்வதை நம்பாதே. அந்த இருவரையும் நீயே தேடிப்போய்ப் பார். பத்திரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டிப் படி. அந்த ஊர்ப் பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை நன்கொடை கொடுப்பவர்களிடமும் சொன்னால்தான் கையெழுத்து என்று அவரிடம் சொல்லிப் பார். மறுபடியும் என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், இல்லை அண்ணா என்று சொல். செத்துவிடமாட்டாய்.

உன் அப்பாவிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. நீ கையெழுத்துப் போடாமல் வந்தாலும் அவர் பஸ் ஸ்டாண்டில் எப்படியோ சமாளித்துக்கொள்வார். நீ போட்டுவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்றுதான் பாக்கி. அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ மட்டும் ஏன் திரும்பி நிற்கிறாய்? மலையில் உன்னைத் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அவர்களே உன்னைத் திருப்பி நிறுத்தியிருப்பார்கள் என்று என் புத்தி சொல்கிறது. அப்படி நிற்கச் சொன்னபோது நீயும் சிரித்துக்கொண்டே நின்றிருப்பாய் என்றும் சொல்கிறது. மேடத்திடம் சொன்னால் அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையும் எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடுவார். உன்னோடு நின்ற பெண்களில் ஒருத்தியைக் கேட்டாலும் தெரிந்துவிடும். எனக்கு வேண்டாம். அந்தக் களத்தில் முகத்தைக் காட்ட உனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் நீயாகத்தான் திரும்பிக்கொண்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதை மட்டும் நான் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை.

அம்மா